ஓய்வு பெற அனுமதிக்கப்படுகிறார்

பள்ளியில் சேர்க்கப் பிறப்புச் சான்றிதழ் கேட்காத காலம் ஒன்று இருந்தது. வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுசென்று இடக்காதைத் தொடச் சொல்வார் தலைமை ஆசிரியர். விரல் காதை எட்டினால் ஐந்து வயது நிரம்பிற்று என்று பொருள். பிறந்த தேதி வீட்டாருக்குத் தெரியாவிட்டால், பள்ளி திறக்கும் ஜூன் மாதத்திற்கு ஏற்றாற்போல் ஒரு தேதியை அவரே ஏட்டில் எழுதிக்கொள்வார். அச்சிறுவன் பின்னாளில் அரசுப் பணியில் சேர்ந்தால், எந்த ஆண்டு, எந்த மாதத்தின் கடைசி நாளில் மாலையுடன் வீடு திரும்ப வேண்டும் என்பதும் அந்த நொடியிலேயே எழுதப்பட்டுவிட்டது.

இது வேடிக்கைக்காகச் சொல்லப்படுவதன்று. கேரளத்தில் ஒவ்வோர் ஆண்டும் மே 31 அன்று ஆயிரக்கணக்கான அரசு ஊழியர்கள் ஒரே நாளில் ஓய்வு பெறுகின்றனர். பள்ளிச் சேர்க்கைக்காக மே மாதப் பிறந்தநாள் எழுதப்பட்டவர்கள் அங்கே அவ்வளவு பேர். மத்திய அரசின் அடிப்படை விதி 56-இன்படி ஒருவர் 60 வயதை நிறைவு செய்யும் மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு பெறுகிறார்; மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவரோ அதற்கு முந்தைய மாதத்தின் கடைசி நாளிலேயே வெளியேறிவிடுகிறார். ஒரு நாள் முன்னே பின்னே பிறந்ததற்காக ஒரு மாதச் சம்பளம் கூடுகிறது அல்லது குறைகிறது. ஜூன் 30 அன்று ஓய்வு பெற்றோர், ஜூலை 1 அன்று வரவேண்டிய ஆண்டு ஊதிய உயர்வை ஒரே இரவில் இழந்துவந்தனர். ஓராண்டு முழுதும் உழைத்து ஈட்டிய உயர்வு அது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2017-இல் ஏற்றுக்கொண்டது. 2023-இல் உச்ச நீதிமன்றமும் அதே கருத்தை உறுதி செய்தது.

சேவை விதிகளின் மொழியில் 'கட்டாய ஓய்வு' என்பது தண்டனையின் பெயர். குற்றச்சாட்டு நிரூபிக்கப்பட்டவருக்கு அளிக்கப்படுவது அது. குறித்த வயதில் எல்லோரும் வெளியேறுவதற்கோ 'வயது முதிர்வு ஓய்வு' என்று பெயர். அதற்கான ஆணையில், 'ஓய்வு பெற அனுமதிக்கப்படுகிறார்' என்று எழுதுவது வழக்கம். அவர் கேட்டதைப் போலவும் அரசு இசைந்ததைப் போலவும் அமைந்த இச்சொற்றொடரை எழுதிய எழுத்தர் யாரோ, நாகரிகம் மிக்கவராக இருந்திருக்க வேண்டும். ஏனெனில், வேலை செய்ய உடலில் வலுவும் மனத்தில் விருப்பமும் இருப்பவரையும் இவ்விதி வெளியே அனுப்புகிறது. அப்படி அனுப்புவதால் வேறொருவருக்கு, குறிப்பாக இளைஞர் ஒருவருக்கு, வேலை கிடைக்கிறதா என்பதுதான் இவ்விதியைச் சுற்றி நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கு.

55, 58, 60

நாடு விடுதலை பெற்றபோது இந்தியரின் சராசரி ஆயுட்காலம் 32 ஆண்டுகள் அளவே. அன்று மத்திய அரசு ஊழியரின் ஓய்வு வயது 55. 1962-இல் அது 58 ஆயிற்று. ஐந்தாவது ஊதியக் குழுவின் பரிந்துரைக்குப் பின் 1998-இல் 60 ஆனது. இன்று சராசரி ஆயுட்காலம் 70-ஐ எட்டியுள்ளது; 60 வயதைத் தொட்ட ஒருவர் மேலும் ஏறத்தாழ 18 ஆண்டுகள் வாழ்வார் என்பது மாதிரிப் பதிவு முறைக் கணக்கு. வாழ்நாள் இரு மடங்கிற்கும் மேல் நீண்டிருக்க, பணிநாள் ஐந்து ஆண்டுகளே நீண்டிருக்கிறது. பிறந்தவுடன் இறக்கும் குழந்தைகள் குறைந்ததே சராசரி உயர்ந்ததற்குப் பெருங்காரணம் என்பதால் இவ்விரு எண்களையும் நேருக்கு நேர் நிறுத்துவது முழுமையான நியாயமாகாது. ஆயினும், ஓய்வுக்குப் பிந்தைய வாழ்வு இன்று ஒரு குழந்தை பிறந்து வாக்களிக்கும் வயதை அடையும் அளவிற்கு நீண்டது என்பதில் ஐயமில்லை.

மாநிலங்கள் தத்தம் போக்கில் சென்றன. தமிழ்நாடு 58-இல் நெடுங்காலம் நின்றது. கேரளம் 55-இலிருந்து 56-க்கு வரவே 2012 ஆயிற்று. ஆந்திரப் பிரதேசம் 2014-இல் 60-க்கும் 2022-இல் 62-க்கும் சென்றது. தெலங்கானா 2021-இல் 61-ஐத் தேர்ந்தது. வெவ்வேறு மாநிலங்களில் ஒரே வேலையைச் செய்யும் இருவரில் ஒருவர் 56-இலும் மற்றவர் 62-இலும் முதியவராகிறார்.

இருபது நாள் அவகாசம்

ஓய்வு வயதைக் குறைத்தால் இளைஞருக்கு வேலை பெருகும் என்ற எண்ணத்தை நம் நாட்டில் முழு அளவில் செய்து பார்த்தவர் என்.டி.ராமராவ். 1983 ஜனவரியில் ஆந்திரப் பிரதேச முதலமைச்சராகப் பொறுப்பேற்ற அவரது அரசு, ஒரு மாதத்திற்குள், பிப்ரவரி 8 அன்று, அரசு ஊழியரின் ஓய்வு வயதை 58-இலிருந்து 55 ஆகக் குறைத்தது. ஏற்கெனவே 55-ஐக் கடந்திருந்தோர் அனைவரும் பிப்ரவரி 28 அன்று வெளியேற வேண்டும். அன்று ஒரே நாளில் 18,000-க்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களும், பொதுத் துறை நிறுவனங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 10,000 பேரும் பணியிழந்தனர்.

வீட்டுக்கடன் தவணையும் மகளின் திருமணமும் மகனின் கல்லூரிக் கட்டணமும் 58-ஆம் வயதைக் கணக்கில் வைத்தே திட்டமிடப்பட்டிருந்த இல்லங்களில் அந்த இருபது நாட்கள் எவ்வாறு கழிந்திருக்கும் என்பதை, வங்கியில் கணக்கு வைத்திருக்கும் எவரும் உணரக்கூடும். ஊழியர்கள் உச்ச நீதிமன்றத்தை அணுகினர். மக்களின் ஆயுள் நீண்டுவரும் காலத்தில் வயதைக் குறைப்பது பகுத்தறிவுக்கு ஒவ்வாதது என்பது அவர்கள் வாதம். இளைஞருக்கு வாய்ப்பளிப்பதே நோக்கம் என்றது அரசு. 1985 ஜனவரியில் நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது: ஓய்வு வயதை வகுப்பது அரசின் கொள்கை முடிவு, 55 என்பது தன்னளவில் தவறான வயதன்று.

ஆனால் அத்தீர்ப்பு வருமுன்னரே, 1984-இல், ஆந்திரத்தில் ஓய்வு வயது மீண்டும் 58 ஆக்கப்பட்டிருந்தது. அப்படியானால் இடையில் வெளியேற்றப்பட்டவர்கள் என்னாவது? அவர்களை மீட்காமல் விட்டது புதிய சட்டம். மீண்டும் வழக்கு. 1985-இலேயே வந்த இரண்டாவது தீர்ப்பில், இடைப்பட்ட காலத்தில் 55-இல் ஓய்வு பெற்று இன்னும் 58-ஐ எட்டாதவர்களை ஒதுக்கிவைத்தது செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். வீட்டிற்கு அனுப்பப்பட்டவர்கள் திரும்பிவர வழி பிறந்தது. அவர்கள் நாற்காலியில் பதவி உயர்வு பெற்று அமர்ந்திருந்தவர்களின் கவலை அன்று தொடங்கிற்று.

இச்சோதனையின் கணக்கைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று விளங்கும். ஒரு தலைமை எழுத்தர் ஓய்வு பெற்றால் அந்த இடம் வேலையில்லாத பட்டதாரிக்குப் போவதில்லை. அவருக்கு அடுத்த நிலையில் உள்ளவர் மேலேறுகிறார். அவரிடத்திற்கு அவருக்குக் கீழுள்ளவர். இப்படிப் படிப்படியாக இறங்கி, கடைசியில் அடித்தட்டில் ஓரிடம் காலியாகிறது. அதையும் நிரப்புவதா, சிக்கனம் கருதி வெறுமையாக விடுவதா என்பது நிதித் துறையின் கையில் உள்ளது. வெளியேறியவருக்கோ பணிக்கொடையும் ஓய்வூதியமும் உடனே தர வேண்டும்.

வேலை என்பது அப்பமா?

பொருளியலாளர்கள் இதற்குப் பல காலமாக ஒரு மறுப்பைச் சொல்லிவருகின்றனர். ஒரு நாட்டில் உள்ள வேலைகளின் மொத்த எண்ணிக்கை மாறாதது என்றும், முதியவர் ஒரு துண்டை எடுத்துக்கொண்டால் இளைஞருக்கு ஒரு துண்டு குறைந்துவிடும் என்றும் எண்ணுவது பிழை என்பது அவர்கள் கருத்து. வேலை செய்பவர் செலவு செய்கிறார். அச்செலவு இன்னொருவருக்கு வேலையாகிறது. ஜொனாதன் குரூபர், டேவிட் வைஸ் ஆகியோர் தொகுத்து 2010-இல் வெளிவந்த ஆய்வு, 12 நாடுகளின் பல பத்தாண்டுப் புள்ளிவிவரங்களை ஆராய்ந்தது. முதியோர் அதிகம் வேலை செய்த காலங்களில் இளைஞரின் வேலை குறைந்தது என்பதற்கு அவர்களுக்குச் சான்று கிடைக்கவில்லை.

இம்மறுப்பு சரியானதே. எனினும் அதை ஓர் அலுவலகத்தின் வாசலுக்குள் அப்படியே கொண்டுசெல்ல முடியாது என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம். நாடு முழுவதிலும் வேலைகளின் எண்ணிக்கைக்கு வரம்பில்லை. ஆனால் அரசு அலுவலகம் ஒன்றில் 'அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள்' என்று ஒரு பட்டியல் உண்டு. அங்கே ஒருவர் எழுந்தால்தான் இன்னொருவர் அமர முடியும். தனியார் நிறுவனங்களிலும் குறுகிய காலத்தில் இது நிகழக்கூடும். 2011-இன் இறுதியில் இத்தாலி ஓய்வூதிய வயதைத் திடீரென உயர்த்தியபோது, வெளியேறவிருந்த முதியோர் அதிகம் தங்கிப்போன நிறுவனங்கள் இளைஞர்களைக் குறைவாகச் சேர்த்தன என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. படிப்படியாக உயர்த்துவது வேறு. ஒரே இரவில் உயர்த்துவது வேறு.

தமிழ்நாடு ஒரே இரவில் உயர்த்தியது, அதுவும் இரண்டு முறை. 2020 மே மாதம், பெருந்தொற்றின் நடுவே, 58 என்பது 59 ஆயிற்று. 2021 பிப்ரவரியில் 59 என்பது 60 ஆயிற்று. இதன் விளைவு எளிய கூட்டல் கணக்கு. 2020 மே 31 அன்று விடைபெற வேண்டியவர் 2022 மே 31 வரை தங்கினார். இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் வயது முதிர்வால் ஏற்படும் காலியிடம் என்பதே அநேகமாக இல்லாது போயிற்று. வருவாய் குன்றியிருந்த வேளையில் பணிக்கொடை, கம்யூட்டேஷன் தொகை, சேர்ந்திருக்கும் விடுப்புக்கான பணம் ஆகியவற்றை உடனே வழங்க வேண்டிய சுமை அரசுக்குத் தள்ளிப்போனது. அச்சுமையின் ஒரு பகுதியை, பெயர் தெரியாத தேர்வர்கள் தம் வயதால் செலுத்தினர் என்றே சொல்ல வேண்டும். 28 வயதில் காத்திருக்கத் தொடங்கியவருக்கு 30 ஆகிவிட்டது. நேரடி நியமனத்திற்கான வயது வரம்பை 2021 செப்டம்பரில் அரசு இரண்டு ஆண்டுகள் உயர்த்தியது ஓரளவு ஆறுதல்.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2022 ஜூலையில் நடந்த குரூப் 4 தேர்வில் 7,301 இடங்களுக்கு ஏறத்தாழ 22 லட்சம் பேர் விண்ணப்பித்தனர். இடங்கள் பின்னர் 10,000-க்கு மேல் உயர்த்தப்பட்டன. இரண்டு ஆண்டு ஓய்வுகள் வழக்கம்போல் நடந்து, அவ்விடங்கள் எல்லாம் நிரப்பப்பட்டிருந்தாலும் அந்த வரிசை கண்ணுக்குத் தெரியுமளவு குறைந்திருக்குமா? பட்டியலின் விளிம்பில் நின்ற சில ஆயிரம் பேரின் வாழ்வு மாறியிருக்கும். அது சிறிய காரியமன்று. ஆனால் 22 லட்சம் பேரின் வேலையின்மைக்கு, 58 வயதுக்காரர் நாற்காலியை விட்டு எழாததே காரணம் என்று சொல்வது இருவரையும் ஏமாற்றுவதாகும்.

கேரள அரசு 2022 அக்டோபர் இறுதியில் பொதுத் துறை நிறுவனங்களின் ஓய்வு வயதை 60 ஆக்கி ஆணையிட்டது. இளைஞர் அமைப்புகள் கொதித்தெழுந்தன. ஆளுங்கட்சியின் இளைஞர் அணியும் விலக்கன்று. ஒரு வாரம் ஆவதற்குள் ஆணை நிறுத்திவைக்கப்பட்டது.

நம் கவுன்ட்டருக்குப் பின்னால்

ஓய்வு வயதின் விளைவைக் காண வாடிக்கையாளர்கள் தொலைவு செல்ல வேண்டியதில்லை. நரைத்த தலையும் மூக்குக்கண்ணாடியுமாக, தந்தையின் பெயர் சொன்னாலே குடும்பக் கதை முழுவதையும் நினைவுகூரும் மேலாளர் ஒருவர் உங்கள் கிளையில் இருந்திருப்பார். இன்று அதே அறையில் முப்பதைத் தொட்ட ஒருவர் அமர்ந்திருக்கலாம். இந்த மாற்றம் தானாக நிகழ்ந்ததன்று.

1969 ஜூலையில் 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. அப்போது நாட்டில் இருந்த வங்கிக் கிளைகள் 8,262. அடுத்த இருபது ஆண்டுகளில் அவை 60,000-ஐ நெருங்கின. இத்தனை கிளைகளுக்கும் ஆள் வேண்டும். எழுபதுகளிலும் எண்பதுகளின் முற்பகுதியிலும் இளைஞர்கள் பெருந்திரளாகப் பணியில் சேர்ந்தனர். பின்னர் கணினி வந்தது. தொண்ணூறுகளில் பணி நியமனம் பெரும்பாலும் வறண்டது. 2000-01-இல் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. 40 வயதோ 15 ஆண்டுப் பணியோ நிறைந்தவர்கள் விண்ணப்பிக்கலாம் என்றதும், பொதுத் துறை வங்கிகளிலிருந்து ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வெளியேறினர். யார் போக வேண்டும் என்று வங்கிகள் எண்ணினவோ அவர்கள் தங்கிவிட, யார் இருக்க வேண்டும் என்று எண்ணினவோ அவர்கள் போய்விட்டனர் என்ற முணுமுணுப்பு அன்று பல கிளைகளில் கேட்டது.

எஞ்சியோரின் கணக்கு எளிது. 1975-இல் 22 வயதில் சேர்ந்தவர் 2013-இல் 60-ஐ அடைகிறார். ஆகவே 2010-க்குப் பிந்தைய பத்தாண்டு, வங்கித் துறையில் 'ஓய்வுகளின் பத்தாண்டு' என்றே பெயர் பெற்றது. பொதுத் துறை வங்கிகளின் மனிதவளத்தை ஆராய்ந்த கண்டேல்வால் குழு 2010-இல் இதை எச்சரித்தது. 2011-இல் ஐபிபிஎஸ் பொது எழுத்துத் தேர்வு தொடங்க, இளையோர் மீண்டும் அலை அலையாக நுழைந்தனர்.

நடுவயதினர் இல்லாத வீட்டைப் போன்றதாயிற்று பல கிளைகளின் நிலை. தாத்தா உண்டு, பேரன் உண்டு, தந்தையைக் காணோம். தொண்ணூறுகளில் சேர்ந்திருக்க வேண்டியவர்கள் சேராததால், 58 வயதுக்காரருக்கு அடுத்து 28 வயதுக்காரர். பட்டாவையும் மூலப் பத்திரத்தையும் ஒப்பிட்டு எங்கோ ஒரு சர்வே எண் உறுத்துகிறதே என்று நிறுத்தும் கண், பயிர்க் கடன் வாங்கியவர் கட்டாததற்குக் காரணம் வறட்சியா வம்படியா என்று பேச்சிலேயே அறியும் செவி ஆகியவை கையேட்டில் இல்லை. உடனிருந்து கற்க வேண்டியவை. உடனிருக்கும் காலம் குறுகிப்போயிற்று. ஆகவே ஓய்வு வயது 58-ஆ 60-ஆ என்பதைவிட, நியமனத்தைப் பத்தாண்டுகள் நிறுத்திவைத்ததே வங்கிகளின் வயது அமைப்பைச் சிதைத்தது.

ஏன் ஒரு கோடு?

அப்படியானால் இந்த வயதுக்கோடே எதற்கு? எட்வர்ட் லாசியர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1979-இல் இதே கேள்வியைத் தலைப்பாகக் கொண்டு எழுதிய கட்டுரையில் தந்த விடை நம் அலுவலகங்களுக்கும் பொருந்தும். இளமையில் ஒருவர் தம் உழைப்பின் மதிப்பைவிடக் குறைவாகப் பெறுகிறார். பணிமூப்பு கூடக்கூடச் சம்பளம் உயர்ந்து, இறுதி ஆண்டுகளில் அம்மதிப்பைவிட மிகுதியாகப் பெறுகிறார். நெடுநாள் நேர்மையாக உழைக்கச் செய்யும் ஏற்பாடு அது. ஆனால் அந்த மிகுதிக்கு ஒரு முடிவு நாள் இல்லாவிட்டால் நிறுவனத்தின் கணக்கு நேராகாது. ஆண்டுதோறும் தானே உயரும் சம்பளமும் குறித்த நாளில் நிகழும் ஓய்வும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை நீக்குவது கடினம்.

அமெரிக்கா 1986-இல் பெரும்பாலான பணிகளுக்கும் 1994-இல் பேராசிரியர்களுக்கும் கட்டாய ஓய்வு வயதை நீக்கிவிட்டது. பிரிட்டன் 2011-இல் நீக்கியது. ஜப்பான் வேறு வழி கண்டது: 60-இல் ஓய்வு என்பதைப் பல நிறுவனங்கள் வைத்துக்கொள்கின்றன, ஆனால் விரும்புவோருக்கு 65 வரை வேலை தர ஏற்பாடு செய்தாக வேண்டும். பெரும்பாலும் குறைந்த சம்பளத்தில், புதிய ஒப்பந்தத்தில். நேற்றுவரை தமக்குக் கீழிருந்தவரிடம் இன்று விடுப்புக் கேட்க வேண்டிய சங்கடம் அதில் உண்டு.

நம் நாட்டிலும் இத்தகைய ஒரு நடுவழி சந்தடியின்றி நடைமுறையில் இருக்கிறது. மத்திய அரசு மருத்துவர்களின் ஓய்வு வயது 2016-இல் 65 ஆக உயர்த்தப்பட்டது. ஆனால் 62-க்குப் பின் அவர்கள் நிர்வாகப் பொறுப்பை விட்டுவிட்டு, மருத்துவம் பார்ப்பதிலும் கற்பிப்பதிலும் மட்டும் ஈடுபட வேண்டும் என்று பின்னர் வகுக்கப்பட்டது. மூத்தவரின் கைத்திறன் நோயாளிக்குக் கிடைக்கிறது. நாற்காலி இளையவருக்குக் கிடைக்கிறது. வங்கிகளிலும், கடன் ஆவணங்களைச் சரிபார்த்தல், பயிற்சி அளித்தல் ஆகிய பணிகளுக்கு இம்முறை பொருந்தாது என்று சொல்ல வலுவான காரணம் எதுவும் தென்படவில்லை.

இவ்வளவும் மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உள்ள சிறுபான்மையினரின் கதை. உழவர், நெசவாளர், கொத்தனார், வீட்டு வேலை செய்வோர் ஆகியோரை ஓய்வு பெற அனுமதிக்க யாரும் ஆணை பிறப்பிப்பதில்லை. 2017-18-இல் நடந்த முதுமை குறித்த தேசிய ஆய்வின்படி, 60-ஐக் கடந்த இந்தியரில் மூவரில் ஒருவருக்கு மேல் இன்னும் வேலை செய்கின்றனர். அவர்களில் பெரும்பாலோர் விருப்பத்தால் உழைப்பவரல்லர்.

சம்பளம் பெறும் வாடிக்கையாளர்கள் தம் ஓய்வு நாளைப் பற்றிச் சிலவற்றை முன்னரே உறுதி செய்துகொள்வது நலம். தனியார் துறைக்கென நாடு முழுமைக்கும் ஒரே ஓய்வு வயது சட்டத்தில் இல்லை. உங்கள் நியமன ஆணையோ நிறுவனத்தின் நிலையாணையோதான் அதைச் சொல்லும். வருங்கால வைப்பு நிதியுடன் இணைந்த ஓய்வூதியத் திட்டத்தின் வயது 58. நிறுவனம் 60 வரை வேலை தந்தாலும் 58-க்குப் பின் ஓய்வூதியக் கணக்கில் பங்களிப்பு தானாகச் சேராது. ஓய்வூதியத்தைத் தள்ளிவைத்துக் கூடுதலாகப் பெறும் வாய்ப்பு உண்டு, அதைக் கேட்டுப் பெற வேண்டும். 55 முதல் 60 வயதுக்குள் ஓய்வு பெறுவோர், பயன்தொகை கைக்கு வந்த மூன்று மாதங்களுக்குள் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் ரூபாய் வரம்பிற்கு உட்பட்டு முதலீடு செய்யலாம். வீட்டுக்கடன் வாங்கும்போது கடைசித் தவணை ஓய்வு நாளுக்கு அப்பால் விழுகிறதா என்று பாருங்கள். விழுமானால், அந்நாளில் சம்பளத்திற்குப் பதில் எந்தத் தொகையிலிருந்து அது செலுத்தப்படும் என்பதைக் கிளையில் பேசித் தீர்மானித்த பின் கையெழுத்திடுங்கள்.

பேசிவிட்டு வெளியே வரும்போது, வாசலில் துப்பாக்கியுடன் நிற்பவரைச் சற்று நோக்கலாம். பெரும்பாலும் அவர் முன்னாள் படைவீரராகவே இருப்பார். பதினைந்து முதல் பதினேழு ஆண்டுகள் எல்லையில் பணியாற்றி, நாற்பதைத் தொடுமுன்னரே ஒருமுறை ஓய்வு பெற்றவர். பொதுத் துறை வங்கிகளின் எழுத்தர் பணியிடங்களில் 14.5 விழுக்காடும் கடைநிலைப் பணியிடங்களில் 24.5 விழுக்காடும் அவர் போன்றோருக்கு ஒதுக்கப்பட்டுள்ளன. மகளின் பள்ளிக் கட்டணத்தைக் கட்ட உள்ளே வருவார்; படிவத்தை நிரப்பிவிட்டு மீண்டும் வாசலுக்குச் செல்வார். இரண்டாம் முறை ஓய்வு பெற அவருக்கு 60 ஆக வேண்டும்.